பாப்பா கண்ணை மூடிய சாயங்காலம்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் நான் டிரைவர். எங்கள் வீடு ஊருக்கு வெளியே, பஸ் போகும் சாலையை ஒட்டியே இருக்கிறது. பாப்பா நடக்கத் தொடங்கிய காலத்தில், காலையில் வீட்டைத் தாண்டும்போது ஹாரனை ஒரு அழுத்து அழுத்துவேன். என் மனைவி அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வருவாள். பாப்பா கையை ஆட்டுவாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்களும் பதிலுக்கு ஆட்டுவார்கள். என் பிள்ளைக்கு என் ஹாரன் தெரியும் என்று கண்டக்டரிடம் பெருமையடித்துக்கொள்வேன்.

ஒருநாள் மனைவி உள்ளே அடுப்பு வேலையாக இருந்தாள். பாப்பா மட்டும் கேட்டுக்கு உள்பக்கம், சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எவர்சில்வர் டம்ளரில் மண்ணை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள். நான் ஹாரன் அடித்தேன். எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது. கரன்ட் கம்பியில் இருந்த காக்கை பறந்தது. பாப்பா திரும்பவில்லை. இன்னொரு முறை நீளமாக அழுத்தினேன். அவள் டம்ளரைக் கவிழ்த்தாள், மறுபடி அள்ளினாள். பஸ் நிறைய ஆள். நிறுத்த முடியாது. விக்கிரவாண்டி வரை எப்படி ஓட்டினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவள் அதிரவில்லை.

"எனக்கும் சந்தேகமா தான் இருந்திச்சிங்க. பின்னால நின்னு கூப்ட்டா திரும்ப மாட்டா. உங்ககிட்ட சொல்லிட்டா நெஜமாயிடுமோன்னு பயந்துகினு இருந்தேன்."

ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் தூங்கவைத்து, தலையில் ஒயர்களை ஒட்டிப் பரிசோதித்தார்கள். பரிசோதித்த பெண்ணுக்குச் சின்ன வயது. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். "ரெண்டு காதும் கேட்கலைங்க. ஆனா நரம்பு நல்லா இருக்கு. ஆபரேஷன் பண்ணி உள்ள ஒரு கருவி வெச்சா, வெளியில மெஷின் மாட்டிக் கேட்க வைக்கலாம். அதுக்கப்புறம் கேட்கறதுக்கும் பேசறதுக்கும் நெறைய பழக்கணும்."

எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஜெபம் செய்வது வழக்கம். ஜெபிப்பது மனைவிதான். பொத்தாம் பொதுவாக நன்றி சொல்ல அவளுக்கு வராது. குழாயில் தண்ணீர் வந்தது, பால் திரியாமல் காய்ந்தது, என் பஸ்ஸின் பிரேக் பிடித்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் ஆண்டவருக்கு நன்றி சொல்வாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றும் சொன்னாள். எனக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை.

"இன்னைக்கும் உன்னால எப்படிம்மா ஸ்தோத்திரம் சொல்ல முடியுது?" என்று கேட்டேன்.

"கோவமா தான் கீது. கோவத்தோடவே சொல்றேன். அவருக்குத் தெரியாதா இன்னா?" என்று சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றினாள்.

பாப்பா அந்த ஜெப நேரத்தில் ஒருநாளும் கண்ணை மூடியதில்லை. இமையை விரலால் மெல்ல மூடிவிட்டால் வீறிட்டு அழுவாள். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பசியில் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டோம்.

சபையில் எல்லோரும் அவளுக்காக ஜெபித்தார்கள். பாஸ்டரும் மூப்பர்களும் அவள் காதுகளில் கை வைத்து ஜெபிப்பார்கள். அவளுக்கு அது விளையாட்டு. கை எடுத்ததும் அவளும் எட்டி அவர்கள் காதைப் பொத்துவாள். கண்ணீரோடு நின்றவர்கள் சிரித்துவிடுவார்கள். ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்திருக்கிறது என்று மனைவி சொன்ன ஞாயிற்றுக்கிழமை, ஒரு அக்கா முகம் வாடிப் போய்க் கேட்டார். "மெஷின் எதுக்கும்மா? விசுவாசமா இருந்தா ஆண்டவரே அற்புதம் செய்வாரே?"

என் மனைவி, "அக்கா, அற்புதம் எதுல வந்தாலும் எறக்கிக்குவேன். பஸ்ல வந்தா வேணாம், நடந்து வந்தா தான் வாங்குவேன்னு சொல்லுவனா?" என்றாள். அந்த அக்கா அவளைக் கட்டிக்கொண்டார். ஆபரேஷன் நாளில் எங்களோடு சென்னைக்கு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்ததும் அவர்தான்.

அரசாங்கக் காப்பீட்டில் ஆபரேஷன் நடந்தது. காயம் ஆறிய பிறகு ஒருநாள் வரச்சொல்லி, காதுக்குப் பின்னால் மெஷினை மாட்டி, காந்த வில்லையைத் தலையில் ஒட்டினார்கள். கம்ப்யூட்டரில் எதையோ ஏற்றினார்கள். பாப்பா சிரிப்பாள், எங்களை அடையாளம் கண்டுகொள்வாள் என்று நானாக ஒரு காட்சியை மனதில் ஓட்டி வைத்திருந்தேன். அவளோ கையிலிருந்த பொம்மையைப் போட்டுவிட்டு அலறினாள். அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுங்கினாள். நான் பதறி எழுந்தேன்.

"உக்காருங்க சார். அழுவறா பாருங்க, அதுக்குத் தான் இவ்ளோ நாள் காத்துகினு இருந்தோம்," என்றார் அங்கிருந்த பெண். "கேட்குதுங்க."

அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்யக்கூடத் தோன்றாமல் நின்றேன். அவள் அழுகையே அவளுக்குக் கேட்கிறது. பிறந்ததிலிருந்து அழுதிருக்கிறாள், இன்றைக்குத்தான் அதைக் கேட்கிறாள்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் விழுப்புரத்தில் பேச்சுப் பயிற்சி. மனைவியும் பாப்பாவும் என் பஸ்ஸிலேயே போவார்கள், முன்சீட்டில். பயிற்சி கொடுத்த அம்மா எங்களுக்குச் சொன்னது ஒன்றுதான். "வீட்ல சும்மா இருக்காதீங்க. எதைச் செஞ்சாலும் வாயால சொல்லிக்கினே செய்ங்க. எந்தச் சத்தம் வந்தாலும் அது என்னான்னு காட்டுங்க."

என் மனைவி அப்படியே செய்தாள். "அம்மா வெங்காயம் உரிக்கிறேன். அம்மா கடுகு போடறேன், படபடன்னு வெடிக்குது பாரு." நாள் பூராவும் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நான். முன்பெல்லாம் வீட்டுக்கு வந்தால் ஃபேன் சத்தம்கூட வேண்டாம் என்றிருக்கும். இப்போது நானும் பாப்பாவின் எதிரில் குந்திக்கொண்டு, வேர்க்கடலையைக் காட்டி, "இது மல்லாட்டை. அப்பா உடைக்கிறேன், டப்பு!" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு மல்லாட்டையை எடுத்து மெஷின் அருகே வைத்து நசுக்கிப் பார்ப்பாள். உடைந்ததும் அவள் முகம் மலர்வதைப் பார்க்க, மடி நிறைய உடைத்துக் குவித்திருக்கிறேன்.

அவளுடைய செருப்புக்குச் சத்தம் உண்டு என்று ஒருநாள் கண்டுபிடித்தாள். வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். நின்றால் சத்தமும் நிற்கும். குனிந்து காலைப் பார்ப்பாள், மறுபடி நடப்பாள். இன்னொரு நாள் பின்பக்கம் ஒன்றுக்குப் போக உட்கார்ந்தவள், அதற்கும் சத்தம் வருகிறது என்று அறிந்து, பாதியில் எழுந்து ஓடிவந்து அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். டியூப்லைட்டுக்கும் சத்தம் இருக்கும் என்று நம்பி ஸ்டூலைப் போட்டு ஏறி, வெகுநேரம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். இல்லை என்று எனக்குக் கையை விரித்துக் காட்டினாள். எத்தனையோ வருஷமாக நான் கேட்காமலே விட்ட உலகம் ஒன்று என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஆண்டவர் அதை யாரும் கவனிக்காதபோதும் செய்துகொண்டே இருந்திருக்கிறார் என்று நினைத்தபோது எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

ஒரு சாயங்காலம் மழை பெய்துகொண்டிருந்தது. ரசம், உருளைக்கிழங்கு, சுட்ட அப்பளம். தட்டுகளை வைத்துவிட்டு மனைவி ஜெபிக்க ஆரம்பித்தாள். நான் எதற்கோ கண்ணைத் திறந்து பார்த்தேன். பாப்பா கையைக் கூப்பி, கண்ணை மூடியிருந்தாள்.

மனைவியின் முழங்கையைத் தொட்டேன். அவளும் பார்த்தாள். பேச்சு அப்படியே நின்றது. நின்ற அந்தக் கணத்தில் பாப்பா சட்டென்று கண்ணைத் திறந்து, நாங்கள் இருக்கிறோமா என்று பார்த்தாள். மனைவி தடுமாறி, "இயேசப்பா, இந்த ரசத்துக்காக ஸ்தோத்திரம்" என்று தொடர்ந்தாள். பாப்பா மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. இத்தனை நாளும் கண்ணை மூடினால் அவளுக்கு நாங்கள் இல்லாமல் போயிருக்கிறோம். அம்மா இல்லை, அப்பா இல்லை, வீடே இல்லை. அதனால்தான் விடாமல் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இன்றைக்கு இருட்டுக்குள்ளும் அம்மாவின் குரல் இருக்கிறது. அதை நம்பிக் கண்ணை மூடியிருக்கிறாள்.

மனைவியால் ஜெபத்தை முடிக்க முடியவில்லை. முடித்தால் பிள்ளை கண்ணைத் திறந்துவிடுவாளே. அப்பளத்துக்கு நன்றி சொன்னாள். அடுப்புக்கு, மழைக்கு, ஓட்டைப் பக்கெட்டுக்கு, கண்டக்டருக்கு, டீசலுக்கு, எதிர்வீட்டு நாய்க்கு, விழுப்புரத்துப் பயிற்சி அம்மாவுக்கு, சென்னை வராந்தாவில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு. குரல் உடைந்து உடைந்து வந்தது. ரசம் ஆறிப்போனது. நான் கண்ணை மூடவே இல்லை. பிள்ளையின் மூடிய இமைகளையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் தேவனுக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்த நேரம் அதுதான்.

இப்போது பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள். பேச்சு இன்னும் கொஞ்சம் குழறும். புதியவர்களுக்கு ஒருமுறைக்கு இரண்டுமுறை சொல்வாள். சபையில் மைக் செட்டின் சத்தம் அதிகமானால் காந்த வில்லையைத் தானே கழற்றி மடியில் வைத்துக்கொள்வாள். பாஸ்டர் அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டதும் உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் நின்றபோது கேட்டேன். "மெஷினைக் கழட்டிட்டா எப்படி இருக்கும் பாப்பா? பயமா இருக்காதா?"

அவள் யோசித்தாள். "இல்லப்பா. அமைதியா கீது. நல்லா கீது."

அந்த அமைதியை நினைத்துத்தான் நானும் அவள் அம்மாவும் எத்தனை அழுதிருப்போம். யாருமில்லாத இடத்தில் பிள்ளையை விட்டுவிட்டோமே என்று. அவளோ, தன் வீட்டின் இன்னொரு அறையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்கிறாள். நாங்கள் போகமுடியாத அந்த அறையிலும் அவளோடு யாரோ இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அம்மா கூப்புட்றாங்க பாரு," என்றேன்.

"எனக்கு மொதல்லயே கேட்டிச்சி," என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள்.