விரலைத் துடைத்துவிட்டு வையுங்கள்

எங்கள் பதிவு அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரேகைக்காரர் என்றால்தான் தெரியும். மூன்றாம் மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து அழுத்துவார். ரேகை விழுந்தால் குடிமக்கள் அட்டை. மூன்று முறை வைத்தும் விழாவிட்டால் பெயர் வேற்றாள் பட்டியலுக்குப் போய்விடும். ஆள் பின்வாசலில் நிற்கும் பேருந்தில் ஏறி முகாமுக்குப் போய்விட வேண்டியதுதான். நான்காம் மேசை என்னுடையது. நான் படம் எடுப்பவன். அட்டைக்கும் நானே, பட்டியலுக்கும் நானே. விளக்கு ஒன்றுதான்.

அவர் பிறவியிலேயே கல்நெஞ்சர் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் பொய் சொல்ல முடியாது. ஆரம்ப காலத்தில் கல் உடைத்தவர்கள், பாத்திரம் தேய்த்தவர்கள் வந்து கையை நீட்டினால், தகட்டில் வைக்கும் முன்பே உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார். "பத்து நாள் வேலைக்குப் போகாதீங்க. தூங்கப் போறப்ப எண்ணெய் தடவிக்கிட்டுப் படுங்க. அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிடுவார். ஓய்வு கிடைத்தால் தோல் தேறும், தேய்ந்த ரேகை கொஞ்சம் எழும்பி வரும். அப்படி அவர் கரையேற்றியவர்கள் நூறு பேராவது இருப்பார்கள்.

பிறகு சுவரெல்லாம் வாசகங்கள் வந்தன. மண்ணின் மக்களுக்கே மண் என்று ஒன்று, என் மேசைக்கு நேர் எதிரே. தினமும் காலையில் எழுந்து நின்று நாட்டுக்கு உறுதிமொழி சொல்ல வேண்டும் என்றார்கள். நாங்களெல்லாம் வாயை அசைத்து ஒப்பேற்றினோம். ரேகைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னார். ஒருநாள் தலைமையகத்துக்கு மூன்று பக்கத்தில் கடிதம் எழுதினார். எண்ணெய் தடவி ரேகையை எழுப்பிக்கொண்டு வேற்றாட்கள் உள்ளே நுழைகிறார்கள். இனிமேல் ஒவ்வொரு விரலையும் ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடைத்த பிறகே தகட்டில் வைக்க வேண்டும். இதில் என்ன மோசடி கண்டாரோ தெரியவில்லை. அவரவர் தோல், அவரவர் ரேகை. தலைமையகத்துக்கு அது பிடித்துப்போனது. நாடு முழுக்க உத்தரவாகப் போயிற்று. அவருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. கண்ணாடி போட்டுத் தலைக்கு மேலே மாட்டிக்கொண்டார். ஸ்பிரிட் பட்டால் தோல் வறண்டுவிடும், அரைகுறையாக எழும்பிய ரேகையும் படுத்துவிடும். அந்த வருடம் பின்வாசலில் ஒரு பேருந்து போதாமல் இரண்டு நின்றன.

அவருக்கு ஒரே உறவு அக்கா. மருத்துவமனையின் சலவைக்கூடத்தில், பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் முப்பத்தொரு வருடம் இரத்தக்கறைத் துணிகளை அலசியவர். தம்பியைப் படிக்க வைத்தது அந்தத் தொட்டிதான். கல்யாணம் என்று ஒன்று வந்தபோது, இவனை யார் பார்த்துக்கொள்வது என்று சொல்லித் தட்டிக்கழித்தவர். தினமும் பன்னிரண்டரைக்கு டிபன் கேரியரோடு அலுவலகத்துக்கு வந்துவிடுவார். காவலாளியின் முதுகுவலியிலிருந்து மேலதிகாரி மகளின் பரீட்சை வரை விசாரித்துவிட்டுத்தான் உட்காருவார். மேலதிகாரியே பலமுறை அந்தக் கேரியரில் கைவைத்திருக்கிறார். மேல் அடுக்கில் எனக்கென்று ஒரு சின்னக் கிண்ணம் தனியாக இருக்கும்.

வயதானவர்களைக் கடைசியாகத்தான் பதிவுக்குக் கூப்பிட்டார்கள். கெடு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, தம்பி கைகழுவப் போன நேரம் பார்த்து அக்கா என் மேசைக்கு வந்து விரல்களை நீட்டினார். நுனிகள் தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி வழவழவென்றிருந்தன. பழைய எண்ணெய் வைத்தியத்தைச் சொன்னேன். அப்படியும் விழாவிட்டால் உடன்பிறந்தவர் உறவுச் சான்று கொடுத்தால் போதும், கொடுப்பவரின் பிறப்பையும் ஒருமுறை தோண்டிப் பார்ப்பார்கள், உங்களுக்கென்ன, தம்பி இருக்கிறாரே என்றேன்.

அக்கா கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவன் மட்டும் கையெழுத்துப் போடக் கூடாது தம்பி. எல்லையத் தாண்டி வந்தப்ப எனக்குப் பத்து வயசு, அவன் என் இடுப்புல இருந்தான். இங்கதான் பொறந்தான்னு பள்ளிக்கூடத்துல சொல்லிச் சேத்தது நான்தான்."

"அவருக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும். தெரியாத மாதிரி இருப்பான்."

அடுத்த நாள் காலை அவர் கண்ணை மூடி உறுதிமொழி சொன்னபோது, அந்தத் தொண்டை ஏன் அப்படிக் கிழிகிறது என்று எனக்கு விளங்கியது.

கடைசி நாளன்று அக்கா பன்னிரண்டு மணிக்கே கேரியரோடு வந்துவிட்டார். அதை மூன்றாம் மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு விரல்களை நீட்டினார். ஓய்வும் எண்ணெயும் வேலை செய்திருந்தன; லேசாகக் கோடுகள் தெரிந்தன. நான் பார்த்தேன். ரேகைக்காரரும் பார்த்தார். பஞ்சை வைத்துச் சும்மா ஒற்றியிருந்தால் போதும், விழுந்திருக்கும். ஆனால் சொந்த அக்காவிடம் இவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்க்க மேலதிகாரி பின்னால் வந்து நின்றார். அதற்குப் பிறகு ரேகைக்காரரின் கை மாறிவிட்டது. யாருக்கும் அப்படித் துடைத்ததில்லை. ஒவ்வொரு விரலையும் இரண்டு தரம், தோல் சிவக்கத் துடைத்தார். மூன்று முறையும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

மேலதிகாரி உறவுச் சான்றுப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். படிவத்தில் இருப்பதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பதுபோல் கேட்டார்.

"இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

ரேகைக்காரர் பஞ்சைக் குப்பைக்கூடையில் போட்டார்.

"எனக்கு ஒரு உறவும் இல்லீங்க. தெருவுல இருக்கிறவங்க. சம்பளத்துக்குச் சமைச்சுக் கொண்டு வருவாங்க."

அறையில் பதினான்கு பேர் இருந்தோம். பதினான்கு பேருக்கும் தெரியும். மேலதிகாரி கூரையைப் பார்த்தார். நான் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தேன். அதில் தூசி எதுவும் இல்லை.

மேலதிகாரி அக்காவிடம் திரும்பி, அப்படித்தானா என்று கேட்டார். அக்கா தம்பியை ஒரு நிமிடம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"ஆமாங்கய்யா. சார் சொல்றது சரிதான்" என்றார்.

ரேகைக்காரர் மூச்சை விட்டார். முகத்தில் வெட்கம் இருக்குமென்று தேடினேன். நிம்மதிதான் இருந்தது. அந்த அலுவலகத்தில் நான் எத்தனையோ முகங்களைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு அசிங்கமான ஒன்றைப் பார்த்ததில்லை.

பட்டியலுக்குப் படம் எடுக்க அக்காவை என் முன்னால் உட்கார வைத்தார்கள். "நேராப் பாருங்கம்மா" என்றேன். இத்தனை வருடமாக அக்கா என்று கூப்பிட்ட வாய் அது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். லேசாகச் சிரித்தார். சிரித்தால் படம் செல்லாது என்பதால் இன்னொன்று எடுத்தேன்.

பின்வாசலுக்குப் போகும் வழியில் மூன்றாம் மேசையருகே ஒரு கணம் நின்றார். "சார், சாப்பாடு ஆறிடும்" என்று மட்டும் சொன்னார்.

பன்னிரண்டரைக்கு ரேகைக்காரர் கைகழுவிவிட்டு வந்து கேரியரைத் திறந்தார். மேல் அடுக்கில் அந்தச் சின்னக் கிண்ணம் இருந்தது. அதை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமலே, என் மேசைக்குத் தள்ளிவிட்டார். பேருந்து கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் சாப்பிட ஆரம்பித்தார். எனக்கும் பசித்தது. சாப்பிட்டேன்.