எட்டாவது கையெழுத்து

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே இருக்கிறது எங்கள் பேரூராட்சி. பதினைந்து வார்டு. தேர்தலில் இரண்டு கூட்டணிக்கும் ஆளுக்கு ஏழு கிடைத்தது. மிச்சம் ஒன்று என் அத்தை ஆரோக்கியம்மாள்.

முதுநகர் துறைமுகத்தில் விடிகாலையில் மீன் எடுத்துவந்து, இருபத்தாறு வருஷமாக எங்கள் சந்தையில் விற்கிறவர். அந்தச் சந்தையை இடித்துக் கட்டி, இருபது வருஷத்துக்குத் தனியார் கம்பெனியிடம் விடப் பழைய மன்றம் தீர்மானம் போட்டிருந்தது. புதுக் கட்டடத்தில் கூடைக்காரிகளுக்கு இடமில்லை. அதனால்தான் சுயேச்சையாக நின்றார்.

முடிவு வந்த மாலையே, ஒரு கூட்டணியின் பெரிய கட்சிச் செயலாளர் கண்ணாயிரம் வேனோடு வந்தார். தலைவர் தேர்தல்வரை கவுன்சிலர்களை லாட்ஜில் அடைத்து வைப்பது இங்கே வழக்கம்.

"வாக்கா, சிதம்பரம் போயி நடராஜரப் பாத்துட்டு வரலாம்."

"மாதா கோயிலுக்குப் போற வேதக்காரிக்கு எதுக்குடா நடராஜரு? உன் ஏழு பேரு ஓடிப்போயிடுவாங்கன்னு பயமா?"

எதிர்த் தரப்பு வெளிப்படையாகவே கம்பெனி பக்கம். இவர்களோடாவது பேசிப் பார்க்கலாம் என்று ஏறினார். லாட்ஜில் முதல் வேலையாகப் போனை வாங்கிக்கொண்டார்கள். பழைய தீர்மானத்தை ரத்து செய்வோம் என்று எட்டுப் பேரும் எழுதித் தர வேண்டும் என்றார் ஆரோக்கியம்மாள்.

"மொதல்ல ஓட்டப் போடுக்கா. அத அப்புறம் பாத்துக்கலாம்."

"செவுளத் தூக்கிப் பாக்காம நான் மீன் எடுத்ததே இல்ல. பேப்பரக் கொண்டா."

ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவருடையதோடு ஏழு. கூட்டணிக் கட்சிக்காரர் செந்தமிழ்செல்வன் மட்டும் மறுத்தார். புதுக் கட்டடத்துக்கு சிமெண்ட் சப்ளை அவருடைய தம்பிக்கு என்று பேச்சு.

தலைவர் தேர்தல் நாள். பத்து மணிக்கு ஓட்டு. ஒன்பதேகாலுக்கு வேன் உறுமிக்கொண்டிருந்தது. ஆரோக்கியம்மாள் லாட்ஜ் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஊரு முன்னேற வேணாமாக்கா?" என்றார் செந்தமிழ்செல்வன்.

"முன்னேறட்டும். நாப்பது பொம்பளைங்கள எறக்கிவுட்டுட்டுத்தான் முன்னேறணுமா?"

"நீ வரலன்னா ஏழுக்கு ஏழு. குலுக்கல்தான்" என்று கண்ணாயிரம் கெஞ்சினார்.

"குலுக்கிக்க."

கண்ணாயிரம் திரும்பினார். "மச்சான், போட்டுத் தொலையேன்! குலுக்கல்ல போச்சுன்னா உனக்குச் சொன்ன துணைத் தலைவர் பதவியும் போச்சு."

செந்தமிழ்செல்வன் வேன் கதவிலேயே தாளை வைத்துப் போட்டார்.

"இப்ப என் போனக் குடு" என்றார் ஆரோக்கியம்மாள். தாளைப் படமெடுத்துச் சந்தைப் பெண்கள் எல்லாருக்கும் அனுப்பினார். அப்புறம்தான் ஏறினார்.

நாலு வருஷம் ஊர் ஊராக அலைந்துவிட்டு நான் திரும்பியபோது, தீர்மானம் எட்டுக்கு ஏழு என்று ரத்தாகியிருந்தது. "லாட்ஜுல பயமா இல்லியா அத்தை?" என்றேன்.

"தூக்கந்தான் வரல. ஏசி ஜாஸ்தி."

கம்பெனி கடலூர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் இவரும் போகிறார். அடுத்தது புதன்கிழமை. அன்று எட்டு மணிக்கு மேல் அவரிடம் மீன் கிடைக்காது.