துஆ செய்யச் சொன்ன பெயர்

என் இரண்டு மகள்மாரின் பெயர்களையும் சேர்த்து, தொடங்கவிருந்த மசாலாக் கம்பெனிக்கு நானே ஒரு பெயர் உண்டாக்கியிருந்தேன். துஆ செய்யச் சொல்லி, கூடப்பிறந்த அண்ணன், காக்காவிடம் மட்டும் சொன்னேன்.

கையேந்தி ஓதி முடித்துவிட்டு, “வேற ஆருக்கிட்டயும் கதைக்காத தங்கச்சி, கண்ணூறு பட்டுரும்” என்றார்.

நானும் வாய் திறக்கவில்லை.

இன்று பதிவதற்கு முன் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் தேடினால், அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கம்பெனி. அழாக்குறையாக அவருக்கே போனில் கோல் எடுத்தேன்.



“அது நான்தான் புள்ள பதிஞ்ச. மருமக்கள்ட பேருதானே, எனக்கும் உரிமை இரிக்கிதானே?”

துஆ கபூலாகி, பலித்துவிட்டது, அவருக்கு.

வேறு நல்ல பெயர் தோன்றினால் சொல்லுங்கள். கமெண்டில் மட்டும் வேண்டாம். என் பதிவுகளுக்கு முதல் லைக் எப்போதும் காக்காவுடையதுதான்.