பர்மா ராணியின் மாலை

ஊத்தைத் துணி பிரியந்தினிக்கு ஒரு பொருட்டே இல்லை. முதியோர் இல்லங்களிலிருந்து வருகிற படுக்கை விரிப்புகளைப் பிரித்துப் போடுவதுதான் அவள் வேலை. வஸ்கரி என்று சொல்கிற அந்தச் சலவைசாலைக்கு உடுப்புத் தோய்க்க வருகிற நோர்வேப் பெட்டைகள் முதல்நாளே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். இவள் கையுறையை இழுத்து விட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். அவளுக்குக் குமட்டுவது ஒஸ்லோவின் ஓரத்தில், எல்லிங்ஸ்ருட்டில் தன் வீட்டு அலுமாரியைத் திறக்கும்போதுதான்.

அது அக்காவின் அலுமாரி. அக்கா மங்களேஸ்வரி புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு ஊரில் பெரியவர்கள் கூடிப் பேசி, அத்தான் சிவானந்தனுக்கே தங்கச்சியைக் கட்டிவைத்தார்கள். தாயில்லாப் பிள்ளையை வேற்றாள் கையில் கொடுக்கக்கூடாதாம். அந்தப் பிள்ளை கம்சிகாவை அவள் உயிராகத்தான் வளர்த்தாள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒஸ்லோவில் வந்து இறங்கிய அன்று சிவானந்தன் விமான நிலையத்துக்குக் கொண்டுவந்தது அக்காவின் குளிர்க் கோட்டுத்தான். அளவு சரியாக இருந்தது. சேலை, சப்பாத்து, கட்டிலில் சுவரோரப் பக்கம் எல்லாமே அவளுக்கு அளவாகத்தான் இருந்தன.

தாலியை மட்டும் உருக்கிப் புதிதாகச் செய்தார்கள். தாலிக்கொடி, அக்காவின் கழுத்தில் கிடந்த அதே கொடி. பவுண் விற்கிற விலைக்கு இன்னொன்று எதற்காம். சீ! செத்தவளின் கழுத்திலிருந்து கழற்றியதை எப்படித்தான் மனம் கூசாமல் இன்னொருத்திக்குப் போட்டார்களோ. அன்று கூசிய கழுத்து அவளுக்கு இன்றும் கூசுகிறது.

இந்த வருடம் ரொம்சோஸ் மண்டபத்தில் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா. நாடகம் எழுதுகிறவர் இரத்தினவேல் அண்ணை. எங்கேயோ வாசித்த பழைய பர்மா ராணி ஒருத்தியைப் பிடித்துக்கொண்டார். ஒருவன் ராசாவைக் கொன்று சிம்மாசனத்தைப் பிடிக்கிறான். யானை, கருவூலம் எல்லாவற்றோடும் ராணியும் அவனுக்குச் சேர்ந்து போகிறாள். அவள் அந்தக் கொலைகாரனுக்கே மாலை போட்டு, "நாட்டுக்காக" என்று சிரிக்க வேண்டுமாம். இந்தக் கண்றாவிக்குத் 'தியாகச் சுடர்' என்று பெயர் வேறு.

ராணி பிரியந்தினி. கலியாணம் கட்டினவள் வேறு ஆம்பிளைக்கு மாலை போட்டால் சனம் கதைக்கும். ஆகவே செத்த ராசாவும் சிவானந்தன், கொன்ற ராசாவும் சிவானந்தன். நடுவில் ஒரு மீசையை ஒட்டிக்கொள்வான். கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அந்த ராணியை ஆரும் கேட்டவையோ அண்ணை, விருப்பமோ எண்டு?" என்று ஒத்திகையில் கேட்டாள்.

"உதென்ன கேள்வி பிள்ளை? அவள் சிம்மாசனத்தோடை வாறவள்தானே. நீ சிரிச்சுக்கொண்டு மாலையைப் போடு, போதும்," என்றார் இரத்தினவேல்.

சிவானந்தன் போனிலிருந்து தலையை எடுக்காமல், "அவர் சொல்லுறதைச் செய்யன்," என்றான்.

ஊரில் கலியாண வீடியோவுக்குச் சிரித்தபடி ஒரு தரம் அவனுக்கு மாலை போட்டது போதும் என்று அவளுக்குப் பட்டது. சபை பார்க்க இன்னொரு தரம் போடக் கை வராது. வீட்டுக்கு வந்து நடிக்கமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தாள்.

"நோட்டீஸ் அடிச்சாச்சு. என்ரை மானத்தை வாங்காதை," என்றான்.

விழாவில் முதல் ராசா விழுந்து செத்தான். சிவானந்தன் எழும்பித் திரைக்குப் பின்னால் ஓடி, மீசையோடு மூச்சு வாங்க வாளும் கையுமாக வந்து, அவள் முன்னால் கழுத்தைத் தாழ்த்தினான். மாலை போட அவள் கை எழவில்லை. "போடு, போடு," என்று ஓரத்தில் நின்று இரத்தினவேல் பல்லைக் கடித்தார்.

"என்னைக் கேட்டனீங்களோ?" என்றாள் பிரியந்தினி. மண்டபம் முழுக்கக் கேட்டது.

"வசனம் மறந்து போச்சோ?" என்று சிவானந்தன் கிசுகிசுத்தான்.

"மறக்கேல்லை அத்தான்."

முதல் ராசா விழுந்து கிடந்த இடத்தில், வெறும் தரையில் மாலையை வைத்துவிட்டு உள்ளே போனாள். அதுதான் முடிவு என்று நினைத்துச் சனம் எழும்பி நின்று கை தட்டியது. இரத்தினவேல் வெட்கமில்லாமல் மேடைக்கு வந்து அதற்கும் கும்பிட்டார்.

வீட்டுக்குப் போகிற வழியில், காரில் வீதியைப் பார்த்தபடி சிவானந்தன் கேட்டான்: "அண்டைக்கு ஊரிலை உன்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?"

"மாட்டன் எண்டு."

வீட்டு வாசலில் கார் நின்றதும் அவள் தாலிக்கொடியைக் கழற்றி அவன் மடியில் வைத்தாள்.

"கம்சிகாட்டைக் குடுங்கோ. அது அவளின்ரை அம்மாவின்ரை."