அல் குசைஸுக்கு வந்த சமோவா சிஸ்டர்

வியாழன் மதியம்.
குவைத் அப்பாசியாவை விட்டுக் கிளம்பும்போதே எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அங்கே மனநல வார்டில் நர்ஸ் வேலை எனக்கு. லீவு கிடைத்தால் நாகர்கோவில், இல்லாவிட்டால் வீடு. எனக்கே எனக்கென்று ஒரு பயணம் இதுதான் முதல் தடவை. துபாயில் நர்ஸ்களுக்கு ஒரு வகுப்பு. நடத்துபவர் லூபே என்ற சமோவாக்காரர்.

"சமோவாவா? அது எங்க கெடக்கு?" என்றார் கணவர். மகனின் அட்லஸில் தேடினோம். பசிபிக் கடலில் ஈ உட்கார்ந்த மாதிரி இரண்டு புள்ளிகள். அங்கிருந்து ஒரு நர்ஸ் நமக்குப் பாடம் எடுக்க வருகிறாரே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வியாழன் மாலை.
ஒன்றே முக்கால் மணி நேரத்தில் துபாய். விமான நிலையத்திலிருந்து வகுப்பு நடக்கும் அல் குசைஸுக்கு டாக்சி இருபத்தெட்டு திர்ஹம். டிரைவர் பெஷாவர்காரர். நான் மனநல வார்டு நர்ஸ் என்று தெரிந்ததும், "அச்சா பஹன்", சரி சகோதரி என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வெள்ளி காலை.
லூபே அறைக்குள் வந்ததும் அறையே சிறிதாகிவிட்டது. ஆகிருதியான பெண்மணி, காதோரம் ஒரு பூ, வயிறு குலுங்கும் சிரிப்பு. சவாயி என்ற தீவில் பிறந்து, தலைநகர் அப்பியாவில் நர்ஸ் படிப்பு முடித்து, நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மனநல மருத்துவமனையில் சேர்ந்தவர். அங்கே ஒரு சமோவாக் கிழவி. செத்துப்போன கணவரின் குரல் கேட்கிறது என்றாளாம். உடனே மருந்து, பூட்டிய அறை. "அந்தக் கணவரின் பெயர் என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை" என்றார் லூபே. அன்றைக்குத்தான் இவர் சண்டைக்காரியானார். நோயாளியோடு குடும்பத்தையும் உட்கார வைக்க வேண்டும் என்று மேலதிகாரிகளோடு மல்லுக்கு நின்றார். பிறகு ஆசிரியையாகி டோங்கா, பிஜி என்று தீவு தீவாக, குட்டி விமானத்திலும் படகிலும் போய் நர்ஸ்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

தொழிலாளர் கேம்ப் கிளினிக் ஒன்றில் வேலை பார்க்கும் மலையாளி நர்ஸ் கையைத் தூக்கினாள். அவள் கேம்பில் செல்வராஜ் என்ற தமிழருக்கு, இறந்துபோன தாயின் குரல் கேட்கிறதாம். பைத்தியம் என்று கம்பெனி டிக்கெட் போட்டுவிட்டது. நாளைக்குத் திருச்சி விமானம். போனால் வேலை போச்சு.

"நாளைக்கா? அப்படியானால் இன்றைக்கே போவோம்" என்று லூபே எழுந்துவிட்டார். தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்றதும் என் கை தானாக உயர்ந்தது.

வெள்ளி பிற்பகல்.
தொழிற்பேட்டையை ஒட்டிய கேம்ப். விடுமுறை நாள் என்பதால் அறைக்காரர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கீழ்க்கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார் செல்வராஜ். நான் வாசலில் நின்றபடியே டூட்டியில் கேட்பதுபோல் ஆரம்பித்தேன். "தூக்கம் வருதா? அந்தக் குரல் யாரையாவது அடிக்கச் சொல்லுதா?" அவர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

லூபே என் தோளைத் தட்டினார். பிறகு இடுப்பு வரை குனிந்து, ஒரு கையைத் தாழ்த்தி, "துலோ, துலோ" என்று முணுமுணுத்துக்கொண்டே அந்த ஆண்களுக்கு முன்னால் நடந்துபோய்ப் பாயில் உட்கார்ந்தார். உட்கார்ந்திருப்பவர்களைக் கடக்க அவர் ஊரில் இப்படித்தான் அனுமதி கேட்பார்களாம். உட்கார்ந்திருப்பவரிடம் நின்றுகொண்டு பேசுவது அங்கே மரியாதைக் குறைவு. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் சொல்லச் சொல்லத் தமிழில் சொன்னேன்.

"நான் சவாயித் தீவு. என் அம்மா சோசெஃபினா. அவர் இறந்தபோது நான் ஆக்லாந்தில் டூட்டியில் இருந்தேன். போக முடியவில்லை. உன் அம்மா பேர் என்ன?"

போர்வை லேசாக அசைந்தது. பிறகு போர்வைக்குள்ளிருந்து, "பச்சையம்மா."

"எந்த ஊரு தம்பி?" என்றேன். நம் ஊரில் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே கேட்கிற கேள்வி. யூனிபார்ம் மாட்டியதும் அது எப்படித்தான் மறந்துபோகிறதோ!

"அரியலூர் பக்கம்க்கா. லீவு கேட்டேன், குடுக்கல. தம்பிதான் கொள்ளி வச்சான். நான் மூத்தவன்க்கா." எழுந்து உட்கார்ந்தார். "சாப்டியான்னு கேக்குது. வேற ஒண்ணும் கேக்கல."

அறையில் மூத்தவரான அண்ணாமலை மூக்கை உறிஞ்சினார். "பக்கத்துலயே இருந்தோம். அந்தம்மாவுக்கு ஒரு படையல்கூடப் போடலயே நாம!"

லூபே கேம்ப் பாஸிடம் போனார். டாக்டர் பார்க்கட்டும், மருந்து தேவையென்றால் கொடுக்கட்டும், ஆனால் இந்த அறையை விட்டு அவனைப் பிரிக்காதீர்கள் என்று வாதாடினார். "மேலே கேட்டுத்தான் சொல்லணும்" என்றார் அந்த ஆள். அண்ணாமலையிடம் என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சனி மாலை.
விமான நிலையத்தில் திருச்சி கவுண்டர்தான் முதலில் என் கண்ணில் பட்டது. அட்டைப்பெட்டியும் கயிறுமாக நீண்ட வரிசை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். செல்வராஜைக் காணவில்லை. முன்பே உள்ளே போயிருப்பாரோ என்று கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன்.

குவைத் விமானத்துக்கு அழைத்த நேரத்தில் போன் அடித்தது.

"அக்கா, செல்வராஜ் பேசுறேன். டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டாங்க. நாளைக்கு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறாங்க."

நான் கூட்டத்துக்கு நடுவில் "ஐயோ சாமி!" என்று கத்தியேவிட்டேன். முன்னால் நின்ற அரபிப் பெண்மணி திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"வர்ற வெள்ளிக்கிழம ரூம்ல அம்மாவுக்குப் படைக்கிறோம்க்கா. அந்தப் பூ வச்ச அம்மாவோட அம்மா பேரு வாயில நுழையல. இன்னொரு தடவ சொல்லுங்க. அவங்களுக்கும் ஒரு எல போடணும்."