இலஞ்சி விலக்கில் படித்த தந்தி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். திருநெல்வேலியில் காலை ஏழு மணிக்கு ரயிலேறித் தென்காசியில் இறங்கியபோது பத்தாகிவிட்டது. மேற்கே மலை முழுவதும் மேகத்துக்குள் இருந்தது. குற்றாலம் மூன்று மைல். ஆறணா பேசி, சுடலைமுத்து என்பவரின் குதிரை வண்டியில் ஏறினேன்.

"ஐயாவுக்கு என்ன உத்தியோகம்?" என்று கேட்டார்.

பாளையங்கோட்டையில் இங்கிலீஷ் வாத்தியார் என்றேன். அவர் இலஞ்சிக்குப் பாதை பிரியும் விலக்கில் வண்டியை நிறுத்தி, மடியிலிருந்து ஒரு தந்தியை எடுத்து நீட்டினார். பீருமேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த அவர் தம்பி மாடசாமியைப் பற்றி மாசியில் வந்த தந்தி. காய்ச்சலில் இறந்துவிட்டதாக யாரோ வாசித்துச் சொல்லியிருக்கிறார்.

"போய்ச் சேர மூணு நாளாவும். மொகம் பாக்க முடியாதுன்னு இங்கனயே காரியத்த முடிச்சிட்டோம். இப்போ அங்கேருந்து வந்த ஒருத்தன், தந்தி அடிச்சப்புறம் எட்டு நாள் ஆஸ்பத்திரியில கெடந்துதான் செத்தான்னு சொல்லுதான். நீங்க பாத்துச் சொல்லுங்கய்யா."

இங்கிலீஷில் 'டிஸீஸ்ட்' என்று ஏறக்குறைய ஒரே ஒலியில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்றுக்கு இறந்தவர் என்று பொருள், மற்றதற்கு நோயுற்றவர். எழுத்துதான் வேறு. பையன்கள் மாற்றி எழுதினால் அரை மார்க் குறைப்பேன். தந்தியில் இருந்தது நோயுற்றவர்.

சொன்னேன். அவர் குதிரையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உசுரோட இருந்தவனுக்கு எள்ளுந்தண்ணியும் எறச்சிருக்கேன்," என்றார். பிறகு, "அவன் பொண்டாட்டி இங்கனதான் இருக்கா. அந்தப் பேச்சு அவ காதுலயும் விழுந்து, தந்தியில என்ன இருக்குன்னு தெனமும் கேக்குதா. செத்ததாத்தான் எழுதியிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கய்யா."

மாடசாமியின் மனைவி செல்லம்மாள் தென்னந்தோப்பில் ஓலை முடைந்துகொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றாள். நான் தந்தியை இரண்டு முறை வாசிப்பதுபோலப் பாவனை செய்தேன்.

"இறந்துட்டார்னுதான் இருக்கும்மா."

"அப்போ அவுக எங்களத் தேடிக்கிட்டுக் கெடக்கலியா?"

"இல்லை."

அவள் உட்கார்ந்து, விட்ட ஓலையை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

அருவியில் தண்ணீர் நிறைய விழுந்தது. ஒரே ஒரு தடவை குளித்தேன். மூன்று நாளும் சாரல் விடவில்லை. சத்திரத்துக் கொடியில் போட்ட வேட்டி காயவேயில்லை.

நாலாம் நாள் காலை வேறொரு வண்டியில் திரும்பினேன். வழியில் வண்டிக்காரரிடம் சுடலைமுத்துவை விசாரித்தேன்.

"அவரு நேத்து பீருமேட்டுக்குல்லா போயிட்டாரு. புருசனப் பொதச்ச எடத்தப் பாக்கணும்னு தம்பி பொண்டாட்டி ஒத்தக் கால்ல நின்னுருக்கா. அவளையும் கூட்டிக்கிட்டுத்தான் போயிருக்காரு."

ரயில் கிளம்பிய பின் நாள் எண்ணிப் பார்த்தேன். நாளை மறுநாள் போய்ச் சேர்வார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் யாராவது அவளுக்கு மாடசாமி கிடந்த கட்டிலைக் காட்டுவார்கள். எட்டு நாளையும் சொல்வார்கள். தோப்பில் நான் சொல்லியிருக்க வேண்டியதை, முன்பின் தெரியாத ஒருவர் சொல்லித்தான் அவள் கேட்கப் போகிறாள்.