வேண்டாமென்று நான் தடுத்த கடவை

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருடம் தயங்கினேன். குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். ஆனாலும் மனம் ஆறவில்லை.

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் குட்மேய்ஸில் எங்கள் மாதா கோவிலுக்கு முன்னால் பாதசாரிக் கடவை போடக் கவுன்சில் கருத்துக் கேட்டுக் கடிதம் அனுப்பியது. அது வந்தால் பூசைக்கு வருகிறவர்கள் கார் விடும் இடம் போய்விடும் என்பது மட்டுமே என் கண்ணில் பட்டது. கடவை வேண்டாமென்று ஒரு தாளில் எழுதி, தமிழ்ப் பூசை முடிந்ததும் வாசலில் நின்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன்.

பீடத்துக்குப் பூ வைக்கும் றெஜினா தங்கச்சி நடந்துதான் வருவார். அவரிடமும் தாளை நீட்டினேன்.

“என்னத்துக்கண்ணை?”

“கார் விடுற இடத்தைப் பறிக்கப் போறாங்கள், பிள்ளை.”

“எனக்கெங்க கார்? செருப்பு விட ஒரு இடம் கேளுங்கோவன்!” என்று சிரித்தபடி, வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

கவுன்சில் கடவையைக் கைவிட்டது. நன்றிக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். அடுத்த தவக்காலத்தில், பூசைக்கு வரும்போது, அதே இடத்தில் றெஜினாவை ஒரு வான் அடித்தது. உயிர் தப்பியது. இனி நடக்க ஏலாது என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் மன்னிப்புக் கேட்டேன். “நானும்தானே அண்ணை கையெழுத்து வைச்சனான்” என்றார். அதற்குப் பிறகு எனக்குச் செபம் வருவதில்லை.

கடவை கேட்டு இரண்டு தரம் எழுதினேன். மக்கள் விரும்பாததால் அந்தத் திட்டம் முடிந்துபோனது என்று பதில் வந்தது. இப்போது ஞாயிறுதோறும் அவருடைய சக்கர நாற்காலியைத் தூரத்துச் சிக்னல் வரை தள்ளிப்போய்த்தான் றோட்டைக் கடக்கிறேன்.

இதை யாருக்காவது சொன்னால், ‘பாவம், மனுசன் தெரியாமல் செய்துவிட்டான்’ என்று சேர்க்காதீர்கள். எழுதினபடியே சொல்லுங்கள்.